எதிரே ஒருவர், ஒரு மணி நேரம்

செவ்வாயின் மூன்றாம் குமிழ் நகரில் மருத்துவர்கள் மாத்திரைக்குப் பதில் பாட்டு எழுதிக்கொடுப்பார்கள். ‘மாலையில் ஒரு மணி நேரம், மனிதக் குரலில்’ என்று சீட்டில் இருக்கும். பதிவுசெய்த பாட்டு கூடாது. பாடுபவர் எதிரே உட்கார்ந்து சொந்தத் தொண்டையால் பாட வேண்டும் என்பது சட்டம்.

நப்பின்னை பகலில் பாசித் தொட்டிகளைக் கழுவினாள். மாலை வகுப்பில் இசைச் சிகிச்சை படித்தாள். பட்டயம் வாங்க நாற்பது அமர்வுகள் நடத்தியாக வேண்டும். அவளுக்குக் கிடைத்த நோயாளி அருளப்பன், சுரங்கத் துளைப்பான் ஓட்டியவர்; அந்த இரைச்சலில் காது போய், செவிச்சில்லு வைத்துத்தான் கேட்பார். மண்சரிவில் சிக்கி மீண்டதிலிருந்து அவருக்குக் கை நடுங்கியது. அது நிற்காமல் வேலைக்குத் திரும்ப முடியாது.

மூன்றாம் அமர்வன்று அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இன்று ஒருநாள் மட்டும் என்று கழுத்துப்பட்டை ஒலிபெருக்கியில் தன் பழைய பதிவை ஓடவிட்டு, உதட்டை மட்டும் அசைத்தாள். அவளுக்கு மட்டும் தெரியும் கண்வில்லைத் திரையில் பரீட்சைப் பாடம் ஓடியது. தொண்டை சரியான பிறகும் அதுவே பழகிவிட்டது. படிவத்தில் ‘நேரடிக் குரல்’ என்ற கட்டத்தில் குறியிடும்போது மட்டும் நெஞ்சு உறுத்தும்.

அருளப்பனுக்கோ குணமாகிக்கொண்டே வந்தது. நகரில் எல்லோரும் கட்டியிருக்கும் அமைதிமானி, அவர் மணிக்கட்டில் பச்சையை விட்டு நகரவில்லை. பேராசிரியர் அவளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரையும் கைதட்ட வைத்தார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பத்தெட்டாம் அமர்வில், பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். புகார் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள்.

அருளப்பன் தரையைப் பார்த்தார்.

“நான் எங்கேம்மா கேட்டேன்? முதல் நாளே செவிச்சில்லை அணைச்சுட்டேன். நீ வாயசைப்பே, நான் வில்லையில கபடி பார்ப்பேன். ரொம்ப நல்லாருக்குன்னு தலையாட்டுறப்பல்லாம் எனக்குத்தான் குத்தும்.”

இருவருக்கும் வெட்கமாகப் போயிற்று. மீதி அமர்வுகளையாவது ஒழுங்காகச் செய்வதென்று முடிவெடுத்தார்கள். அவர் சில்லை இயக்கினார். இருவரும் வில்லைகளைக் கழற்றினார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பாடினாள், அவர் உண்மையாகவே கேட்டார். இரண்டாம் வரியில் அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவளுக்குச் சுருதி விலகியது. நின்றுபோயிருந்த நடுக்கம் திரும்பிவந்தது, மானி சிவந்தது.

“வேணாம்மா,” என்றார். “பழையபடியே இருப்போம்.”

அவர் சில்லை அணைத்தார். இருவரும் கண்வில்லைகளை மாட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் அவர் கை அடங்கி, மானி பச்சைக்கு வந்தது.

நப்பின்னை குற்ற உணர்வோடு சட்டைக் கையை விலக்கித் தன் மணிக்கட்டு மானியைப் பார்த்தாள். அதுவும் பச்சையாகத்தான் இருந்தது.