வலப்பக்க இருக்கை

உடுமலை ஓடுதளத்தை ஆடிக் காற்று குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் இந்த மாதத்தில் சிறகுந்து என்னும் குட்டி விமானத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் அதைக் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கமாட்டார்கள். இறங்கும்போது கவிழ்ந்து செத்தவர்கள் அத்தனை பேர். கைநினைவு வந்தபிறகு அந்தப் பயம் போய்விட்டது. மணிக்கட்டில் ஒரு பட்டை, அவ்வளவுதான். விபத்தில் பிழைத்த ஓட்டியின் கை அந்த நொடியில் என்ன செய்ததோ, அது பதிவாகி மற்ற ஓட்டிகளின் பட்டைகளுக்கும் போய்விடும். அதே ஆபத்து வேறொருவருக்கு வந்தால் அவர் யோசிப்பதற்குள் கை தானாகச் செய்துவிடும். கூடவே பழைய ஓட்டியின் மனநிலையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஓட்டி பிழைத்தாரா என்பதைத்தான் கருவி பார்க்கும்.

இசைவாணி இராமேசுவரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். மகள் நறுமுகைக்கு முதலாண்டுத் திதி கொடுத்தாயிற்று. போன ஆடியில் இதே தளத்தில் அவள் கணவன் பூவேந்தன் மகளை வலப்பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இறங்கியபோது சிறகுந்து புரண்டது. மகள் போய்விட்டாள். அவனுக்குத் தோள்பட்டை மட்டும் விலகியது. அதன்பிறகு அவன் ஓட்டும் கைப்பிடியைத் தொடவில்லை. தூக்கத்தில் அலறுவான். "காத்து பண்ணுனதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு தேற்றியவள் அவள்தான். ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவனுக்காகத்தான். இப்போது இடப்பக்கத்தில் அவள் ஓட்ட, வலப்பக்கத்தில் அவன் இருந்தான்.

"காத்து ஜாஸ்தியா இருக்குது வாணி. கோயமுத்தூர்ல எறக்கிக்கலாம்."

"பட்டை இருக்குதுங்களே. பயப்படாதீங்க."

சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து காற்று அறைந்தது. வல இறக்கை எழும்பியது. இசைவாணியின் பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்தது.

பட்டை சுட்டது. அவள் கை கைப்பிடியை வலப்புறமாக வெட்டி இழுத்தது. ஓர் எண்ணம் உள்ளே வந்தது. அது அவளுடையதல்ல. என் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் போகட்டும்.

அந்த மனத்தை அவளுக்குத் தெரியும். இருபது வருடம் பக்கத்தில் படுத்திருந்த மனம்.

"வாணி, பொத்தானை அமுத்து. கையை விடு" என்றான் பூவேந்தன். சிறகுந்து இன்னும் அவன் பக்கம் சாயவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அவன் முகம் வெளுத்திருந்தது.

கைநினைவை நிறுத்தும் பொத்தான் அவள் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தது. அமுக்கியிருந்தால் விசையைக் கூட்டி மேலே எழும்பியிருக்கலாம். அவள் அவனைப் பார்த்தாள். கட்டைவிரலை எடுத்துவிட்டு, கை போன போக்கிலேயே தானும் சேர்ந்து இழுத்தாள்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குக் கைநினைவு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் செங்கதிர். பழக்கூடையைக் கட்டிலருகே வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் போனது வருத்தம்தானுங்க. ஆனா பாருங்க, அவரோட பதிவுதான் உங்களைக் காப்பாத்தியிருக்குது."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவர் பதிவுல ஒரு கோளாறு இருந்துச்சு. பொண்ணு பக்கமா பாதி திருப்புனவர், உடனே தன் பக்கமே சாய்க்கப் பார்த்திருக்காரு. கையில இருக்கிற பலமெல்லாம் போட்டு இழுத்திருக்காருங்க. தோளு வெலகுனதே அதுலதான். ஆனா நேரம் பத்தல."

இசைவாணி தலையைத் திருப்பினாள். "அது எனக்கு வரலைங்களே."

"வராதுங்க. ஓட்டிக்கு ஆபத்தான அசைவுன்னு அந்தத் துண்டை வெட்டிட்டுத்தான் எல்லாருக்கும் அனுப்புனோம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே அவரோடதை எடுத்துட்டு உங்களோடதைப் போடறோம். காலையிலயே அனுப்பியாச்சு. உங்க கை தயங்கவே இல்லைங்க. வெட்டறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல."