மூன்றாவது கூம்பு

போட்டி தொடங்க இன்னும் சரியாக இருபத்தொரு மணி நேரம் இருந்தது.

ஏனாத்தூர் கல்லூரி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் நின்றன. அவற்றை இடிக்காமல் வளைந்து வளைந்து கார் ஓட்ட வேண்டும். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு வெற்றி. இதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர்.

சாய்ந்த கூம்பை ஓடிப்போய் நிமிர்த்த, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள் உண்டு. மற்ற இடங்களில் கல்லூரி மாணவர்கள். மூன்றாவது கூம்புக்கு மட்டும் சுகாசினி. ஆறாம் வகுப்புதான். ஒரு வாரம் கெஞ்சி அக்கா லில்லியோடு வந்திருந்தாள்.

காரை ஓட்டுவது லில்லி.

ஐந்து பயிற்சிச் சுற்று முடிந்ததும் எல்லாரும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். குழுத் தலைவன் இளங்கோவன், காரிலிருந்து சோப்புப் பெட்டி அளவுள்ள டேட்டா லாகரைக் கழற்றி லேப்டாப்பில் இணைத்தான். கார் எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் போனது என்று அது பதிவு செய்து வைத்திருக்கும்.

திரையில் ஐந்து கோடுகள் சேலைக் கரை போல மேலும் கீழும் ஏறி இறங்கின.

"இங்க பாரு லில்லி. மூணாவது கூம்புகிட்ட வேகம் தொபுக்குனு விழுது. ரெண்டு செகண்ட் போகுது. ஏன்?"

"தெரியலப்பா," என்றாள் லில்லி.

"பயமா இருக்குதா?" என்று குழுவில் கார் ஓட்டத் தெரிந்த இன்னொருவனான மணிவண்ணன் சிரித்தான். "சொல்லும்மா, நாளைக்கு நான் ஓட்டறேன். நான் மாட்டு வண்டியே ஓட்டினவன்."

"தெரியுதே. நீ ஓட்டினா காரும் மாடு மாதிரிதான் போகுது," என்றாள் லில்லி.

இளங்கோவன் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு சுற்று. இதுலயும் இப்படியே இருந்தா, நாளைக்கு மணிதான்."

லில்லி தலையாட்டினாள். இதற்காக அவள் மூன்று மாதம் பழகியிருந்தாள்.

சுகாசினி திரையை எட்டிப் பார்த்தாள். சிவப்புக் கோடு மட்டும் அந்த இடத்தில் கீழே இறங்கவில்லை.

"அண்ணா, சிவப்பு எந்தச் சுற்று?"

"நாலாவது. அது ஏதோ தப்பித்தவறி நல்லா வந்துட்டுது."

நாலாவது சுற்று. அப்போது அவள் யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

சுகாசினி மூன்றாவது கூம்பைத் திரும்பிப் பார்த்தாள். காரணத்தைச் சொன்னால் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அக்கா ஓட்ட முடியாது.

"மணி அண்ணா, இந்தச் சுற்றுக்கு என் கூம்புகிட்ட நிக்கிறீங்களா? நான் மரத்தடியில இருக்கேன்."

"வெயில் தாங்கலையா? சரி, போ."

கார் கிளம்பியது. மூன்றாவது கூம்பை அது உரசாமல், ஆனால் சர்ரென்று கடந்தது. மணிவண்ணன் செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் குதித்தான்.

இளங்கோவனின் திரையில் புதுக் கோடு வந்தது. பள்ளமே இல்லை. நேரம் இரண்டு செகண்ட் குறைந்திருந்தது.

"அப்பாடா," என்று நாற்காலியில் சாய்ந்தான். "நாளைக்கு நீதான் லில்லி. என்ன மாயம் பண்ண?"

லில்லி தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை.

தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்றுதான் அக்கா வாயைத் திறக்கவில்லை என்பது சுகாசினிக்குப் புரிந்தது. அக்காவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அக்காவுக்கு வளைவைப் பாத்து பயமில்லண்ணா," என்றாள். "அங்க நான் நின்னுக்கினு இருந்தேன், அதான்."