செவிவளை

தூத்துக்குடி மிதவைப் பள்ளியில் ஓதம் ஏறும் நேரத்தில்தான் மூன்றாம் வகுப்புக்கு உரிமைப் பாடம். வகுப்பறை அலையோடு மெல்ல உயர்ந்துகொண்டிருக்க, ஜெசிந்தா டீச்சர் ஒரு வளையலைத் தூக்கிக் காட்டினாள். தன் விரலிலிருந்த மோதிரத்தை அன்று காலை பளபளக்கத் துடைத்து வந்திருந்தாள்.

"இது செவிவளை. மணிய அமுக்குனா மஞ்சள் வெளக்கு எரியும். நீங்க தேர்ந்தெடுத்த பெரியவங்க மோதிரமும் கூடவே எரியும். அது எரியுற வரைக்கும் நீங்க மட்டுந்தான் பேசணும். நடுவுல அவங்க வாயத் தொறந்தா?"

"செவப்பாயிரும் டீச்சர்," என்றான் ஒருவன். "அவுகளுக்கு அபராதம்."

"அபராதம் இல்லலே. முதல்லேருந்து திரும்பக் கேக்கணும்."

"எங்க அப்பாவுக்கு அதுக்கு அபராதமே மேலு."

வகுப்பு சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். விளக்கிச் சொல்வதில் அவளுக்கு அலுப்பே கிடையாது. கேட்கப்படும் உரிமையைத் தன் சொற்களில் சொல்லிக் காட்டும் குழந்தைக்கு வளை கிடைக்கும். வளைக்குள் ஒரு பெயரைக் கிசுகிசுத்தால் அவர்தான் அந்தக் குழந்தையின் செவியர். அம்மாவாகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். செவியரிடம் என்ன பேசினாய் என்று வேறு யாரும் கேட்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் செவியர் வெளியே சொல்லியாக வேண்டும்.

அவள் மகள் அமலியின் முறை வந்தது.

"எல்லாப் பிள்ளைகளுக்கும்..." என்று தொடங்கி மூச்சு வாங்கினாள் அமலி. "அது சொல்லுததக் கேக்குறதுக்கு..."

"ஒரு ஆள் வேணும்," என்று முடித்து வைத்தாள் ஜெசிந்தா. "சரியாச் சொன்ன."

அமலி வளையைப் போட்டுக்கொண்டு கிசுகிசுத்தாள். ஜெசிந்தா தன் மோதிரத்தைப் பார்த்தாள். அது இருண்டே கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே, பிள்ளைகள் நீந்தும் வலையடைப்போரம் நின்ற நீச்சல் டீச்சர் செண்பகத்தின் விரலில் மஞ்சள் மின்னியது.

செண்பகமா? இந்த உரிமைச் சட்டத்தின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள். ஈரத் தலையோடு பிள்ளைகளின் டப்பாவிலேயே கைவிட்டுத் தின்பவள். ஜெசிந்தா அடுத்த பிள்ளையைச் சற்று உரக்கவே கூப்பிட்டாள்.

மதியம் செண்பகமே வந்தாள். "நான் ஒண்ணும் கேக்கல டீச்சர். பிள்ளை தானாச் சொல்லிருக்கு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மொகம் சொல்லுதே."

பெற்றோருக்கு ஒரே ஒரு மறுப்பு உண்டு. பதிந்துவிட்டால் குழந்தை வேறு பெயர் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன் குழந்தையின் பேச்சைப் பெற்றோர் முழுதாகக் கேட்க வேண்டும். பள்ளி முடிந்ததும் ஜெசிந்தா மகளோடு மறுப்பறையில் போய் உட்கார்ந்தாள். அவள் மோதிரத்தை அமலியின் வளையோடு தற்காலிகமாக இணைத்தார்கள். ஒருவழியாக அதில் மஞ்சள் எரிந்தது.

"அம்மா," என்ற அமலி நிறுத்தினாள். மிதவைக்கு அடியில் தண்ணீர் தட்டுவது கேட்டது. "நான் பாதி சொல்லும்போதே மீதிய நீ சொல்லிருத. நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும். ஆனா அது..."

"நீ நெனச்சதத்தானடி நான்..."

சிவப்பு.

அமலி கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டு, அம்மா வகுப்பில் விளக்குவது போலவே முதலிலிருந்து பொறுமையாகத் தொடங்கினாள். "நான் பாதி சொல்லும்போதே மீதிய நீ சொல்லிருத. சரியாத்தான் இருக்கும். ஆனா அது நான் சொன்னது இல்ல. நீந்திட்டு வந்து நான் மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் செண்பகம் டீச்சர் பேசாம நிப்பாங்க."

அவள் மணியை அமுக்கினாள். விளக்கு அணைந்தது. இனி ஜெசிந்தா பேசலாம். மறுப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கை அதன் மேல் போய் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது.

"அவங்ககிட்ட என்ன சொல்லப் போற?" அடக்க முடியாமல் கேட்டாள்.

"அதக் கேக்கக் கூடாதும்மா. பாடத்துல இருக்கு."

மறுநாள் அடுத்த பிரிவுக்குப் பாடம். வெளியே வலையோரம் அமலி கைகளை விரித்து எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். செண்பகம் சிரிப்பை உதட்டுக்குள் அடக்கியபடி நின்றாள். மஞ்சள் அணைந்த கணமே இருவரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"அம்மாகூட என்னன்னு கேக்கக் கூடாதா டீச்சர்?" என்றது முன்வரிசைப் பிள்ளை ஒன்று.

"கூடாது," என்றாள் ஜெசிந்தா. ஏன் கூடாது என்பதையும் எப்போதும்போல நன்றாகவே விளக்கினாள். கண் மட்டும் ஜன்னலை விட்டு வரவில்லை.