பெற்றவள் வந்து நின்றால்...

ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். டிரைவர் மகாராஜா, சாமி கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். அந்தப் பழத்தை எடுக்க ஒரு குழந்தை குனிந்தது...

எப்படி ஓடினோம் என்று வேல்விழிக்கே தெரியாது. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தரையில் விழுந்தபோது, சக்கரம் பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. குடும்பத்தோடு உள்ளே வர அனுமதி உள்ள நாள். பொரிப் பொட்டலத்தை எறிந்துவிட்டு ஒருவன் ஓடிவந்தான்.

"புள்ளயப் பெத்தா போதுமா சார்? பாத்துக்கிட வேண்டாமா? கண்ண எங்க வச்சிருந்திய?" வேல்விழி கத்தினாள்.

அவன் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"நான் பெக்கலைங்க... தத்தெடுத்தது. ஆனா நீங்க திட்டுறது சரிதான்."

வேல்விழி எழுந்து நின்றாள். பெத்தா போதுமா... எந்த வாயால் கேட்டாள் அதை? பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பால் கட்டிய மாரோடு நடந்து வந்தவள் அல்லவா அவள்?

அவனை நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள். அழுது முடித்து வெகுநாளான கண்கள்...

அவன் பெயர் எழிலரசன். அதே தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் இன்ஜினியர். பக்கத்திலேயே வடக்குப்பட்டுக்காரன். குழந்தை ரஞ்சனி வீட்டுக்கு வந்த மறுவருஷமே மனைவி சத்யப்பிரியா காய்ச்சலில் போய்விட்டாள். கம்பெனி பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி அவனே சொன்னான்.

"உங்க ஊர்ல எல்லாருமே இப்டித்தான் கத்துவாங்களா?"

"தென்காசிக்காரி சத்தமாத்தான் பேசுவா. காது வலிச்சா வேற சீட்டு பாத்துக்கிடுங்க."

"இன்னா பண்றது... இந்த சீட்டுதான் நல்லா கீது."

"இன்ஜினியர் பேசுத தமிழா இது?"

"வடக்குப்பட்டு இன்ஜினியருங்க."

சிரித்துவிட்டாள். சிரித்த உடனே பயந்தாள். இது எங்கே போய் நிற்கும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் ரஞ்சனியோடு, அவள் ஹாஸ்டல் இருக்கும் படப்பைக்கு வருவான். குழந்தை வேல்விழியின் விரலைப் பிடித்துக்கொள்ளும். விடாது. அந்தச் சின்னப் பிடியில் அவள் உடம்பே சில்லிட்டுப் போகும். இதையும் ஒருநாள் பிரித்து எடுக்க வேண்டிவருமோ...

அன்று நல்ல மழை. பஸ் ஸ்டாப்பில் மூவரும் ஒதுங்கி நின்றார்கள்.

"ஒரே ஒரு பயங்க எனக்கு. இவளப் பெத்தவ என்னிக்காவது வந்து நின்னா? சட்டப்படி ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ரஞ்சனி அவ மூஞ்சியப் பாத்துட்டா... அப்புறம் நான் யாரு?"

வேல்விழி மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்துட்டுப் போனவளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குமா?" என்றவன், தயங்கி, "அத வுடுங்க. அடுத்த வாரம் அம்மா உங்கள வூட்டுக்கு வரச் சொன்னாங்க. பொண்ணு பாக்கத்தான்... வரீங்களா?" என்றான்.

எத்தனை ஆசைப்பட்ட கேள்வி! பெற்றதைச் சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க இந்தக் கண்களுக்கு முன்னால் ஒளிய முடியுமா?

"எனக்கும் ஒரு புள்ள பொறந்துச்சு சார்."

அவன் சட்டென்று திரும்பினான்.

"கட்டிக்கிடுதேன்னு சொன்னவன் ஓடிட்டான். தத்து மையத்துல குடுத்துட்டேன். மனசு மாற ரெண்டு மாசம் டைம் உண்டுன்னாவ. தெனமும் மையத்து கேட் வரைக்கும் போவேன். உள்ள போனா தூக்கிருவேன்... தூக்கினா சோறு போட வழியில்ல. திரும்பிருவேன்."

அவன் கை தானாக ரஞ்சனியை இழுத்து அணைத்தது.

"பொண்ணா?"

"பையன்."

நீளமாக மூச்சு விட்டான். அத்தனை மழையிலும் அது அவளுக்குக் கேட்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனான்.

அதன்பின் பஸ்ஸில் அவன் இல்லை. அசெம்பிளி லைனில் சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லிவிட்டானோ? பக்கத்து மெஷின் பெண்கள் அவளைப் பார்த்துத்தான் குசுகுசுக்கிறார்களோ?

ஒரு சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் நின்றிருந்தான். தோளில் ரஞ்சனி தூங்கிக்கொண்டிருந்தாள். தாடி வளர்ந்திருந்தது.

"அன்னிக்கு பையன்னதும் மூச்சு வுட்டேன் பாருங்க... அசிங்கமா இருக்கு எனக்கு."

"பயந்தவிய அப்டித்தான் சார்."

"நேத்து இவ கேட்டா. நான் யாரு வயித்துல இருந்தேன்னு. பதில் வரல. இவளப் பெத்தவளப் பத்தி நான் இன்னா சொல்லணும்? நீங்க சொல்லுங்க."

வேல்விழி கேட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் பெற்றவளின் மனசை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"ரொம்பப் பயந்தான்னு சொல்லுங்க. குடுக்கையில முகத்தப் பாக்கலன்னு சொல்லுங்க. பாத்திருந்தா குடுத்திருக்க மாட்டா... வெறுத்துக் குடுக்கலன்னு மட்டுமாவது சொல்லிருங்க சார்."

எழிலரசன் ஒரு அடி கிட்டே வந்தான்.

"எனக்கு இப்டி சொல்ல வராது. நீயே சொல்லு."

நீ! முதல்முறை...

"வூட்டுக்கு வந்து, கூடவே இருந்து சொல்லு. எனக்கு உன்னப் புடிச்சிருக்கு வேல்விழி."

"உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"நான் சொல்லல. அது உன்னோட விஷயம். நீ சொல்ற அன்னிக்கு உன் பக்கத்துல நிப்பேன். அம்மா என்ன சொன்னாலும்."

குழந்தையை அவள் கையில் கொடுத்தான். தூக்கத்தில் லேசாகத் திறந்த வாய், நெற்றியில் ஒட்டிய முடி... வேல்விழி அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே இறக்கவில்லை.

"எனக்கும் பிடிச்சிருக்கு..." என்றாள், அவனை நிமிர்ந்து பார்க்காமலே. "அதான் இம்புட்டுப் பயம்."