தலையணைக்கடியில் ஒரு முக்காடு

முர்ஸி கழுதை வண்டியை நிறுத்தியபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. நைல் வாய்க்கால் ஓரத்து ஊர்களில் இன்ஷிராவின் பழைய வீட்டை அறியாதவர் கிடையாது. ஆவி பிடித்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் கோதியா அவள். ஆவியை விரட்ட மாட்டாள். அதனோடு பேசி, கேட்டதைக் கொடுத்து, சமாதானம் செய்துவைப்பாள். நோயாளியின் துணியைத் தலையணைக்கடியில் வைத்து அவள் தூங்கினால், பிடித்தது யாரென்று கனவில் தெரிந்துவிடும்.

"என் பொண்டாட்டி நவாரா சோறு தின்னே பல நாளாச்சும்மா. சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கா. சின்னப் பொண்ணும்மா, நீங்கதான் காப்பாத்தணும்."

அவன் ஒரு முக்காட்டை நீட்டினான்.

"அவளோடதுதானே?"

"எங்க வீட்டுப் பெட்டியிலதாம்மா எடுத்தேன்."

காலையிலிருந்து கூட்டம், இன்ஷிராவுக்கு ஒரே அசதி. மேற்கொண்டு துருவிக் கேட்கவில்லை. அவனுக்கு டீயைக் கொடுத்து வெளியே உட்காரவைத்தாள். ஜன்னல்களைச் சாத்தி, சாம்பிராணிப் புகை சூழப் படுத்தாள்.

கனவில் ஓர் அடுப்படி. ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சேற்று வாடை குமட்டியது.

"என்ன வேணும் தாயி?"

வழக்கமாக மோதிரம் கேட்பார்கள், ஆட்டுக்கிடா கேட்பார்கள்.

"என் வீடு," என்றாள் அவள், மெதுவாக.

நோயாளி உடம்பில் தங்க இடம் கேட்கிறாள் போலும் என்று இன்ஷிரா நினைத்துக்கொண்டாள். "குடுத்தேன்," என்றாள்.

அவள் திரும்பிச் சிரித்தாள்.

விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. முக்காட்டைப் பிழிந்தால் வாய்க்கால் சேறு.

இன்ஷிரா வாசலுக்கு ஓடினாள். "டேய், இது யாருதுடா? நெஜத்தைச் சொல்லு!"

வெளிச்சத்தில் அதைப் பார்த்த முர்ஸிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ... இது ஜூஹ்ராவோடது. மொத பொண்டாட்டி. வாய்க்கால்ல விழுந்து செத்துப்போனா..."

"முக்காட்டுக்கு முக்காடு வித்தியாசம் தெரியலையாடா பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவனை மட்டும் திட்டி என்ன? ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்காதவள் அவள்தானே.

இருவரும் வண்டியில் அவன் ஊரை அடைந்தபோது வாசலெல்லாம் குலவைச் சத்தம். பெண்கள் ஓடிவந்து இன்ஷிராவின் கையை முத்தமிட்டார்கள். "கோதியான்னா நீதான் கோதியா! புள்ள எந்திரிச்சிட்டா!"

அடுப்படியில் நவாரா பூண்டு வதக்கிக்கொண்டிருந்தாள்.

கூந்தல் ஈரமாக இருந்தது.

"வந்துட்டியா மிஷ்மிஷ்?" என்றாள் முர்ஸியைப் பார்த்து. அது ஜூஹ்ரா மட்டுமே கூப்பிட்ட செல்லப்பெயர். முர்ஸி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முன்னால் அவள் தட்டை வைத்தாள்.

பிறகு வந்து இன்ஷிராவைக் கட்டிக்கொண்டாள்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்கம்மா."

"அந்தப் பொண்ணு எங்கடி?" இன்ஷிரா அவள் தோளை உலுக்கினாள். "குடுத்ததைத் திருப்பிக் குடுத்துரு."

"கோதியா குடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவாங்களா?" காதோரம் சிரிப்பு. "அவ இருக்கா. நான் இருந்த எடத்துல."

வெளியே இன்னும் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து இன்ஷிரா யாருடைய துணியையும் வாங்குவதில்லை. வெறும் தலையணையில்தான் படுக்கிறாள். ஆனாலும் கண்ணை மூடினால் கழுத்தளவு தண்ணீரில் ஒரு சின்னப் பெண்.

"அம்மா, நான் எப்ப வீட்டுக்குப் போறது?"

தினமும் தலையணையை வெயிலில் போடுகிறாள்.

அது காய்வதே இல்லை.