கேட்கும், பேசாது

மழை பிடித்துக்கொண்ட அந்த அந்தியில், கோப்பெங் ஊரைப் பார்த்தபடி நின்ற குன்றின் மேல், ஆட்கள் கைவிட்டுப் போன ரப்பர்த் தோட்டத்துத் தொலைபேசிக் கோபுர அறையில், காவலிருந்த உடையப்பனின் விளக்குப் பலகையில் புதிதாய் எழுந்த ஒரு வரிசையில் இரண்டு விளக்குகள்தாம் எரிந்தன, மூன்றாவது எரியவில்லை.

கார்த் தொலைபேசிகள் நாட்டுக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது. கோபுரத்தின் எல்லைக்குள் நுழையும் தொலைபேசி தன் எண்ணைச் சொல்லி, தன்னால் இயன்றவற்றையும் தானே அறிவிக்கும்: மணி அடிக்கும், கேட்கும், பேசும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. இப்போது நுழைந்த தொலைபேசியோ, தான் பேசாது என்றது.

அவர் ஈப்போ அலுவலகத்துச் சதாசிவத்தை அழைத்து எண்ணைச் சொன்னார்.

"அது முத்தப்பன் முதலாளி காரு போனு லா. உன் வீட்டுக்குப் பின்னால ஈயம் தோண்டின குட்டையில விழுந்துச்சே, அந்தக் காரு. ஆளும் கிடைக்கல, காரும் கிடைக்கல. மழைக்கு மிஷின் உளறுது, விடு உடையப்பா."

"சரிண்ணே."

இணைப்பு அறுந்ததும் தகரக் கூரையில் மழை மட்டுமே பேசியது. ஈரத்தோடு, கெட்டுப்போன ரப்பர்ப் பாலின் நாற்றம் உள்ளே வந்தது. காலையிலிருந்து அவர் மனித முகம் பார்க்கவில்லை. கோபுரத்தைச் சோதிக்க வைத்திருந்த சோதனைத் தொலைபேசியை எடுத்து அந்த எண்ணைச் சுழற்றினார். மறுமுனை திறந்தது. நீர் மெல்ல அலம்பும் ஓசை.

அவருடைய தந்தை கங்காணி. விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்று, தமக்குத் தெரிந்த வேலையைச் சொல்வார்கள். தெரியாதவனைத் தெரிந்தவன் அருகில் நிறுத்துவார் தந்தை. அந்த நினைவில் உடையப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பேச வரலையா? பரவால்ல. பக்கத்துல நான் இருக்கேன், பாத்துக் கத்துக்க."

பிறகு பேசினார். கேட்க ஓர் ஆள் கிடைத்தது போல் பேசினார். கூரை ஒழுகுவதை, தனியாக இருக்கும் மனைவி வீரம்மாவை. "எம் பொஞ்சாதி பயந்தாங்கொள்ளி. 'வீரம்மா, நான்தான்'னு என் குரலைக் கேட்டாத்தான் தாழ்ப்பாளை எடுப்பா."

நீர் அலம்பும் ஓசை நின்றது.

மூன்றாவது விளக்கு மினுங்கியது. அணைந்தது. பிறகு நிலையாக எரிந்தது.

"யாரு?" என்று கேட்க வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நாவில் சேற்றின் சுவை. பலகையில் தன் சோதனைத் தொலைபேசிக்குரிய வரிசையைப் பார்த்தார். மணி. கேட்கும். மூன்றாவது இருண்டிருந்தது.

காதில் வைத்த தொலைபேசியில், கார்க் கதவொன்று நீரைத் தள்ளித் திறந்தது. ஈரக் காலடிகள். சரளைக் கல். அவர் வீட்டு நாய் குரைத்தது. பாதியில் அடங்கியது.

குன்றிறங்கி ஓடினாலும் வீடு வெகு தொலைவு. கத்தினார். ஓசையில்லை. மீண்டும் கத்தினார்.

வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"வீரம்மா, நான்தான்."

அவருடைய குரல். அவருடையதேதான்.

"வாரேன், வாரேன்... மழையில நல்லா நனைஞ்சிட்டீங்களா?"

தாழ்ப்பாள் விலகியது.

அவர் பலகையின் முன், வாய் பிளந்தபடி, கேட்டுக்கொண்டிருந்தார்.