நகல் எடுக்காத கல்யாணம்

குடும்ப நீதிமன்றத்தின் நினைவுவட்டுப் பிரிப்பு அறையில் சுடர்க்கொடியின் வரிசை எண் பதினேழு. பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் சபாபதி ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மூன்று வருடங்களாக அவன் முகம் அந்தப் பக்கம்தான். இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ள அவனுக்கு அவசரம்.

வட்டாளர் பெனடிக்ட் இருவரின் காதுக்குப் பின்னாலும் கருவியை வைத்துப் பார்த்தார். பதினோரு வருடங்களுக்கு முன் இவர்களைச் சேர்த்துவைத்தவரும் அவர்தான்.

“கூட்டுவகையத் தனிவகையா மாத்தணும், அதானே? உள்ள நினைவு இருக்கிற எல்லாப் பிரிவையும் அழிச்சாத்தான் மாறும்.”

“கல்யாணத்தன்னைக்கு எதுவும் அழியாதுன்னீங்களே?”

“போறப்ப அழியாதும்மா. திரும்பி வர்றப்பதான் அழியும். படிவத்துல மூணாம் பக்கத்துல இருக்கு.”

மூன்றாம் பக்கத்தை யார் படித்தார்கள்? மண்டைக்குள் இருக்கும் நினைவுவட்டு தனிவகையாக இருந்தால் நினைவுகளை அடுக்க நான்கு பிரிவுகள்தான் போடலாம். கூட்டுவகையில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், இரண்டு தலைகளின் இடமும் ஒன்றாகும், ஒவ்வொரு நினைவும் பாதி அவனிடம், பாதி அவளிடம். தாலி கட்டிய கையோடு மேடையிலேயே மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் நகல் எடுக்க வேண்டும் என்பது விதி. பெனடிக்ட் நகல்சிமிழை வெளியே எடுத்தபோது, “தாலி ஏறுறதுக்கு முந்தியே பிரியறதுக்கு வழி பண்றியா?” என்று அத்தை போட்ட சத்தத்தில் அது மறுபடி பைக்குள் போய்விட்டது. எல்லாக் கல்யாணத்திலும் இப்படி ஒரு அத்தை இருக்கிறாள்.

“சரி, இப்ப நகல் எடுங்க.”

“தனிவகைக்குத்தான் நகல் எடுக்க முடியும்மா.”

“அழியட்டுமே,” என்றான் சபாபதி. “இவளோட இருந்த பதினோரு வருஷமும் போனா எனக்கு நிம்மதி.”

அவளுக்கும் அந்தப் பதினோரு வருடங்கள் வேண்டாம். ஆனால் அதே வட்டில் அம்மா இருந்தாள். ஒன்பது வயதில் இழந்த அம்மா. படங்களை எல்லாம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஈரத்தலையோடு பள்ளிக்கு ஓடியவளைத் தெருமுனைவரை துரத்திவந்து துவட்டிவிட்ட அந்தக் கைகள் வேறெங்கும் கிடையாது. அந்தக் கைகளிலும் ஒன்று இவன் மண்டைக்குள் இருக்கிறது.

“நான் கையெழுத்துப் போடமாட்டேன்,” என்றாள்.

பெனடிக்ட் தணிந்த குரலில் சொன்னார்: “அப்போ ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. ரெண்டுல ஒரு தலைக்கு ஏதாவது ஆகி வட்டு போனா, ரெண்டு பேருக்கும் எல்லாம் போச்சு.”

வட்டைப் பிரிக்காமல் விவாகரத்து கிடையாது என்பதால் இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பினார்கள். அன்றிலிருந்து சபாபதி வண்டியை எடுத்தால் தலைக்கவசத்தோடு வாசலில் நிற்பாள். அவன் தட்டில் உப்பைக் குறைத்தாள். அவன் குளியலறையில் வழுக்கக் கூடாதென்று தினமும் தரையைத் தேய்த்தாள். அவன் திட்டுவான், அவள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நீட்டுவாள். அவனை அவள் அவ்வளவு வெறுத்தாள்.

தெரு அவளைக் கொண்டாடியது. அடுத்த தை மாதம் பக்கத்து வீட்டுப் பெண் யாழினியின் கல்யாணத்தில் தாலியைத் தொட்டு ஆசீர்வதிக்க முதலில் அவளைத்தான் மேடைக்கு அழைத்தார்கள். மேடை ஓரத்தில் வட்டாளர் ஒருவர் பையைத் திறந்துகொண்டிருந்தார்.

சுடர்க்கொடி மணப்பெண்ணின் காதருகே குனிந்தாள். “முதல்ல நகல் எடுக்கச் சொல்லும்மா.”

யாழினியின் அத்தைக்கு அது கேட்டுவிட்டது. “நீங்களே இப்படிப் பேசலாமா? உங்களை மாதிரி புருஷனைத் தாங்கணும்னுதானே உங்களை மேடையேத்தினோம்!”

யாழினி சிரித்துக்கொண்டே படிவத்தின் மூன்றாம் பக்கத்தைப் படிக்காமல் புரட்டிவிட்டு, நான்காம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.